உங்களுக்குத் தெரியுமா? உடையார்பாளையம் முதல் வியன்னா வரை மெல்ல நடந்த இசை!

பியானோ பிறந்தபோது, பின்னாளில் நம்ம அரியலூர்ச் சீமைக்கு வந்து சேர்ந்த ஒருவர் அதே இத்தாலியில் இளைஞராக இருந்தார்! யார் தெரியுமா? வீரமாமுனிவர்!

ஆமாம், தேம்பாவணி பாடிய அதே முனிவர்தான்! ஏலாக்குறிச்சி அடைக்கல மாதா கோயிலோடு பின்னிப் பிணைந்த பெயர் அவருடையது. அந்த ஊரைத் திருக்காவலூர் என்று பாடியவர் அவர். தேம்பாவணியில் மொத்தப் பாடல்கள் எத்தனை? 3,615!

பியானோவை உருவாக்கியவர் பிளாரன்ஸ் நகரத்தில் வேலை பார்த்த பார்த்தலோமியோ கிறிஸ்டோஃபோரி. 1700-ம் ஆண்டு அரண்மனைப் பொருள் பட்டியலிலேயே அந்தப் புதுக் கருவி இடம் பிடித்துவிட்டது. அந்த வருடம் வீரமாமுனிவருக்கு வயது 20!

கிறிஸ்டோஃபோரி கையால் செய்த பியானோக்களில் இன்று மிஞ்சியிருப்பவை மூன்றே மூன்று! நியூயார்க்கில் ஒன்று, ரோமில் ஒன்று, லைப்சிக்கில் ஒன்று!

இதைவிடப் பெரிய ஆச்சரியம் இருக்கிறது. முனிவர் பிறந்த ஊர் இத்தாலியின் மாந்துவா பக்கம். 1718-ல் அதே மாந்துவாவுக்கு அரண்மனை இசைஞராக வந்தார் விவால்டி! வேகம், மெதுவு, வேகம் என்று மூன்று பகுதியாகக் கான்செர்ட்டோ (தனி வாத்தியமும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் இசை) அமைக்கும் முறையை நிலைக்க வைத்த மனிதர்! அவர் மாந்துவாவில் இசை எழுதியபோது, அந்த மண்ணின் மைந்தர் தமிழ்நாட்டில்!

சரி, மூன்று பகுதியில் ரசிகர்கள் மயங்குவது எதற்கு? முதலுக்கும் இல்லை, முடிவுக்கும் இல்லை. நடுவில் வரும் மெதுவான பகுதிக்குத்தான்!

மெதுவில் மயக்கும் வித்தை நம்ம ஊர்க்காரருக்கும் தெரியும்! உடையார்பாளையம் ஜமீனைச் சேர்ந்த பெரிய திருக்குன்றம் கிராமம். அங்கிருந்து புறப்பட்டவர் கனம் கிருஷ்ணையர். உடையார்பாளையம் ஜமீன்தார் கச்சி யுவரங்கரின் சமஸ்தான வித்துவான். தமிழ்ப் பதங்களின் சக்கரவர்த்தி!

பதம் என்றால் சும்மா இல்லை. சவுக்க காலத்தில், அதாவது மெதுவான நடையில், ஒவ்வொரு சொல்லாக, ஒவ்வொரு கமகமாக இழைத்து இழைத்துப் பாட வேண்டும். கையில் நாலே வரி இருக்கும். பாடினால் பத்து நிமிடம் ஓடும்!

பாட்டில் கனம், நயம், தேசிகம் என்று மூன்று மார்க்கம் சொல்வார்கள். இதில் கடினமானது கனம். குரல் அடிவயிற்றிலிருந்து எழும்ப வேண்டும். தஞ்சாவூர் அரண்மனைக்கு வந்த பொப்பிலி கேசவையா இந்த வித்தையில் புலி. இதைக் கற்றுப் பாட இங்கே ஆள் உண்டா என்று கேள்வி எழுந்தபோது, துணிந்து முன்வந்தவர் கிருஷ்ணையர்! கபிஸ்தலத்தில் உட்கார்ந்து அசுர சாதகம். பெயரோடு ‘கனம்’ ஒட்டிக்கொண்டது. இன்றுவரை பிரியவில்லை!

அந்தக் கால தஞ்சாவூர் அரண்மனையில் வீணையும் உண்டு, மேற்கத்திய இசைக்குழுவும் உண்டு! இரண்டாம் சரபோஜி சேர்த்துவைத்த மேல்நாட்டு இசைக் குறிப்புகள் சரஸ்வதி மகாலில் இருக்கின்றன!

கிருஷ்ணையர் திருவையாறு போய் யாரைப் பார்த்தார் தெரியுமா? தியாகராஜரை! அவர் முன்னிலையில் அடாணா ராகத்தில் ஒரு பதம் பாடினார். தியாகராஜரே மெச்சினார்! உடையார்பாளையத்துக்காரருக்கு இதைவிடப் பெரிய பட்டம் வேறு என்ன வேண்டும்?

தியாகராஜர் பிறந்தது 1767. பீத்தோவன் பிறந்தது 1770. இடைவெளி மூன்றே வருடம்!

பீத்தோவனின் நாலாவது பியானோ கான்செர்ட்டோ. அதன் நடுப்பகுதியின் மொத்த நீளம் 72 தாளக் கட்டங்கள்தான்! ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். தந்தி வாத்தியங்கள் அதட்டுகின்றன, பியானோ கெஞ்சுகிறது. கடைசியில் அடங்கிப்போவது எது? அதட்டிய கூட்டம்! என்னைக் கேட்டால் உலகத்திலேயே சிறந்த ஐந்து நிமிடம் இதுதான்!

அது பொதுமேடை ஏறிய நாள் 22 டிசம்பர் 1808, வியன்னா. அரங்கத்தில் நடுக்கும் குளிர். நாலு மணி நேரக் கச்சேரி. அதே மேடையில் அதே இரவில் ஐந்தாவது சிம்பொனி, ஆறாவது சிம்பொனி இரண்டுக்கும் அரங்கேற்றம்! ஒரே டிக்கெட்டில் மூன்று அதிசயம்!

இத்தனை அழகான அந்த கான்செர்ட்டோவை அதன்பிறகு உலகம் கிட்டத்தட்ட மறந்தே போனது. 1836-ல் மெண்டல்சன் தூசி தட்டி வாசித்தார். நடுவில் போனது 28 வருடம்!

ஐந்தாவது கான்செர்ட்டோ இன்னும் அதிசயம்! அது உருவானது 1809. நெப்போலியன் படை வியன்னா மீது குண்டு பொழிகிறது. பீத்தோவன் நிலவறையில், காதில் தலையணையை அழுத்தியபடி! அந்த வருடத்து கான்செர்ட்டோவின் நடுப்பகுதியைக் கேட்டுப் பாருங்கள். போரின் சுவடே கிடையாது!

மொசார்ட்டின் 21-வது கான்செர்ட்டோ. நடுப்பகுதியை ஒரு ஸ்வீடன் நாட்டுப் படம் 1967-ல் எடுத்துக்கொண்டது. படத்தின் பெயர் எல்விரா மாடிகன். படம் மறந்துபோனது. பெயர் மட்டும் கான்செர்ட்டோவோடு ஒட்டிக்கொண்டது! எழுதி 182 வருடம் கழித்துக் கிடைத்த செல்லப் பெயர்!

20-வது கான்செர்ட்டோவை முடித்தது 1785 பிப்ரவரி. 21-ஐ முடித்தது அதே வருடம் மார்ச். நடுவில் ஒரே மாதம்! 20-வதின் மெதுவான பகுதி எங்கே ஒலிக்கிறது தெரியுமா? 8 ஆஸ்கர் வாங்கிய அமேடியஸ் படத்தின் முடிவில்!

23-வது கான்செர்ட்டோவின் நடுப்பகுதி ‘எஃப் ஷார்ப் மைனர்’ சுருதியில் அமைந்தது. மொசார்ட் தன் வாழ்நாளில் அந்தச் சுருதியில் தனிப்பகுதியாக எழுதியது எத்தனை? ஒன்றே ஒன்று! இதுதான் அது!

கனம் கிருஷ்ணையரின் பதங்கள் உடையார்பாளையத்தோடு நின்றுவிட்டனவா? இல்லவே இல்லை! பைரவியில் ‘வேலவரே’ இன்றும் மேடையில் பாடப்படுகிறது, பரதநாட்டியத்தில் ஆடப்படுகிறது. அவர் மறைந்தது 1854-ல்!

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பதங்கள் இருபதாம் நூற்றாண்டுக்கு வந்த வழியில் ஒரு வீடு இருக்கிறது. சென்னை ஜார்ஜ் டவுனில் வீணை தனம்மாள் வீடு! வெள்ளிக்கிழமை மாலையானால் கச்சேரி. பெரும்பாலும் மிருதங்கம்கூடக் கிடையாது. ஊசி விழுந்தால் கேட்கும். பெரிய பெரிய வித்துவான்கள் கைகட்டி உட்கார்ந்து கேட்பார்கள்!

தனம்மாளின் பேத்திகள் யார் யார்? பிருந்தா, முக்தா, பாலசரஸ்வதி! பாலசரஸ்வதிக்கு சங்கீத கலாநிதி 1973-ல். பிருந்தாவுக்கு 1976-ல். ஆடிப் பெயர் பெற்ற பாலசரஸ்வதிக்கு, இசைக் கலைஞர்களுக்கான உச்சப் பட்டம்! சவுக்க காலத்துக்குக் கிடைத்த மரியாதை இது!

தமிழ்த் தாத்தா உ.வே.சா.வின் அப்பா வேங்கடசுப்பையர் யாரிடம் பாட்டுக் கற்றார் தெரியுமா? கனம் கிருஷ்ணையரிடம்! சொந்தக்காரரும்கூட!

அந்த அப்பா ராமாயணக் கதை பாடிக்கொண்டு ஊர் ஊராகப் போனவர். சிறுவன் சாமிநாதனும் கூடவே! அரியலூரில் சடகோபையங்காரிடம் தமிழ். பெரம்பலூர்ப் பக்கத்துக் குன்னத்தில் சிதம்பரம் பிள்ளையிடம் பாடம். செங்கணத்தில் விருத்தாசல ரெட்டியாரிடம் யாப்பு. தமிழ்த் தாத்தாவுக்கு அடித்தளம் போட்டது நம்ம இரண்டு மாவட்டம்தான், மார்தட்டிச் சொல்லலாம்!

நந்தனார் சரித்திரம் பாடிய கோபாலகிருஷ்ண பாரதியாரும் கிருஷ்ணையரிடம் பயின்றவர். அந்த பாரதியாரிடம் மாயவரத்தில் உ.வே.சா. பாட்டுக் கற்கத் தொடங்கினார். ஆனால் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, பாட்டில் மனசு போனால் தமிழ்ப் படிப்பு பின்தங்கும் என்றார். பாட்டு வகுப்பு அதோடு நின்றது! நின்றதால் நமக்கு என்ன கிடைத்தது? சீவக சிந்தாமணி, சிலப்பதிகாரம், மணிமேகலை!

விட்ட இசையை உ.வே.சா. மறக்கவில்லை. கனம் கிருஷ்ணையர் வாழ்க்கையைத் தனிப் புத்தகமாகவே எழுதிவைத்தார்! அது மட்டும் இல்லாவிட்டால் உடையார்பாளையத்துச் சங்கீதக் கதையில் பாதி நம் கைக்கு வந்திருக்காது!

கிருஷ்ணையர் பதம் பாடிக்கொண்டிருந்த அதே காலம். போலந்தில் 19 வயதுப் பையன் ஒருவனுக்குப் பாட்டுக் கல்லூரி மாணவி மீது காதல். சொல்லத் தைரியம் இல்லை. எல்லாவற்றையும் ஒரு கான்செர்ட்டோவின் மெதுவான நடுப்பகுதியில் கொட்டிவிட்டான். பையன் பெயர் ஷோபான்! அச்சில் வந்தபோது அந்த கான்செர்ட்டோ அவளுக்கா காணிக்கை ஆனது? இல்லை, வேறொரு பெண்ணுக்கு!

மெதுவான நடுப்பகுதியே இல்லாத பிரபல கான்செர்ட்டோவும் உண்டு! சென்-சான்ஸின் இரண்டாவது. மெதுவாகத் தொடங்கும், பிறகு வேகம், கடைசியில் அதைவிட வேகம். எழுதி முடிக்க ஆன காலம் மூன்று வாரத்துக்கும் குறைவு!

ராவெலின் ஜி மேஜர் கான்செர்ட்டோ, 1932. நடுப்பகுதி தொடங்கியதும் பியானோ தனியாகவே போகும். முப்பதுக்கும் மேற்பட்ட தாளக் கட்டங்கள்! இசைக்குழு மொத்தமும் சும்மா உட்கார்ந்திருக்கும்! தண்ணீர் ஓடுவது மாதிரி அத்தனை இயல்பு. ஆனால் அதை எழுதுவதற்குள் உயிரே போய்விட்டது என்றார் ராவெல்!

ஷோஸ்தகோவிச் தன் இரண்டாவது கான்செர்ட்டோவை மகன் மாக்சிமுக்காக எழுதினார். அரங்கேற்றி வாசித்ததும் மகன்தான். நாள் 10 மே 1957. அன்று மாக்சிமின் பிறந்தநாள், வயது 19!

பார்டோக் சாகும் தறுவாயில் மனைவியின் பிறந்தநாளுக்காக மூன்றாவது கான்செர்ட்டோ எழுதினார். நடுப்பகுதியில் அமெரிக்காவில் அவர் கேட்ட பறவைகள் கூவுகின்றன! 1945 செப்டம்பரில் இறந்தபோது பாக்கி இருந்தது கடைசி 17 தாளக் கட்டங்களின் வாத்திய அமைப்பு மட்டுமே!

வேகத்திலும் தமிழ்ப் பிள்ளைகள் சளைத்தவர்கள் இல்லை! 2019-ல் 13 வயது லிடியன் நாதஸ்வரம் அமெரிக்க மேடையில் நிமிடத்துக்கு 325 தட்டு வேகத்தில் பியானோ வாசித்தார். பரிசு 10 லட்சம் டாலர்!

மெதுவில் யார் என்கிறீர்களா? சிக்கில் குருசரண் பாட, அனில் ஸ்ரீனிவாசன் பியானோ வாசிக்க, கர்நாடக சங்கீதமும் பியானோவும் ஒரே மேடையில் கைகோத்து நடப்பதைக் கேளுங்கள்!

முதல் பகுதி எழுதப்படாமலேயே மேடை ஏறிய கான்செர்ட்டோ எது? ரக்மானினோவின் இரண்டாவது! 1897-ல் அவருடைய முதல் சிம்பொனி படுதோல்வி. எழுதும் கையே ஓடவில்லை. டாக்டர் நிகொலாய் டாலிடம் சிகிச்சை. 1900 டிசம்பரில் இரண்டாவது பகுதியும் மூன்றாவது பகுதியும் மட்டும் அரங்கேறின! அந்த மெதுவான பகுதியின் மெட்டை எடுத்து 1975-ல் எரிக் கார்மன் ஒரு பாப் பாட்டே போட்டுவிட்டார்!

கிளாரா வீக் என்ற பெண் தன் பியானோ கான்செர்ட்டோவைத் தானே வாசித்து அரங்கேற்றியபோது வயது 16! நடுப்பகுதியில் இசைக்குழுவுக்குக் கிட்டத்தட்ட முழு ஓய்வு. பியானோவும் ஒற்றை செல்லோவும் மட்டும் பேசிக்கொள்கின்றன! இந்தக் கிளாராதான் பின்னாளில் கிளாரா ஷூமன்.

அவரையே உயிராக நினைத்த பிராம்ஸ், முதல் கான்செர்ட்டோவின் மெதுவான பகுதியைக் கிளாராவின் சித்திரம் என்று கடிதம் எழுதினார். 1859-ல் லைப்சிக் ரசிகர்கள் அந்த கான்செர்ட்டோவுக்குக் கொடுத்த பரிசு... ‘உஸ்ஸ்!’ என்ற சத்தம்! இரண்டாவது கான்செர்ட்டோவில் மெதுவான பகுதியை எதில் தொடங்கினார்? ஒற்றை செல்லோவில்! கிளாரா செய்து 46 வருடம் கழித்து!

இப்போது நான் தேடிப்பிடித்த முத்து. கிளாராவின் கான்செர்ட்டோ அரங்கேறியது 1835 நவம்பர் 9, லைப்சிக். பிராம்ஸின் இரண்டாவது அரங்கேறியது 1881 நவம்பர் 9, புடாபெஸ்ட். ரக்மானினோவின் இரண்டாவது முழுசாக அரங்கேறியது 1901 நவம்பர் 9, மாஸ்கோ. மூன்று ஊர், மூன்று தலைமுறை, ஒரே தேதி! அந்த மூன்று மெதுவான பகுதிகளையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்க எவ்வளவு நேரம் ஆகும் தெரியுமா? சுமார் 30 நிமிடம்!