வண்டியில் உப்புக் கறையும் கல்லாவில் சொல்லும் யோசனையும்



"ஏனுங்க, போன வாரம் வாங்கின துவரம் பருப்பு வேகவே மாட்டேங்குதுங்க" என்று மீதிப் பருப்பைப் பையோடு திருப்பிக் கொண்டுவரும் வாடிக்கையாளரைப் பார்க்காத மளிகைக் கடைக்காரர் நம்மில் இருக்க முடியாது. பருப்பின் மேல் பழி விழுமுன், "எந்தத் தண்ணியில வேக வெச்சீங்க?" என்று ஒரு கேள்வி கேட்டால் பாதி வழக்கு அங்கேயே தீர்ந்துவிடும். எங்கள் கோவையில் பல வீடுகளில் இரண்டு குழாய்கள் உண்டு. ஒன்றில் நல்ல தண்ணீர் வரும். மற்றதில் போர்வெல்லின் உப்புத் தண்ணீர் வரும். உப்புத் தண்ணீரில் பருப்பு எளிதில் வேகாது, சோப்பு நுரைக்காது, வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் வெள்ளைப் பொருக்குப் படியும். இவையெல்லாம் நமக்குப் பழகிய சங்கதிகள்.

அதே தண்ணீர் நம் வண்டிகளுக்குச் செய்யும் கேட்டைத்தான் நாம் கவனிப்பதில்லை. சரக்கு ஏற்றும் குட்டி யானை ஆனாலும், குடும்பத்துக்கு வாங்கிய கார் ஆனாலும், குழாயைப் பிடித்துக் கழுவி அப்படியே வெயிலில் காயவிடுகிறோம். சில மாதங்களில் பானெட்டிலும் கூரையிலும் வெள்ளை வெள்ளையாக வட்டங்கள் தோன்றுகின்றன. வண்டியை விற்கப் போகும் நாளில் தரகர் அந்த வட்டங்களைக் காட்டியே விலையைக் குறைக்கிறார்.

இதைப் பற்றி எழுத எங்களுக்கு ஒரு காரணம் உண்டு. அது பெருமைப்படத்தக்க காரணம் அல்ல.

எங்கள் கடையில் நடந்தது

2014ஆம் ஆண்டு கோடைக்காலம். எங்களிடம் பல வருடங்களாகச் சரக்கு எடுக்கும் கிராமத்துக் கடைக்காரர் ஒருவர், மகள் கல்யாண வேலைகளுக்காகக் கருநீல நிறத்தில் பழைய கார் ஒன்று வாங்கியிருந்தார். வீட்டின் மேல்தொட்டி நிரம்பி வழியும்போதெல்லாம் தண்ணீர் அதன் பானெட்டில் சொட்டிக் காய்ந்து, வட்டம் வட்டமாகக் கறை பிடித்துவிட்டது. சரக்கு எடுக்க வந்தவர், "இந்த உப்புக் கறை போக ஏதாச்சும் இருக்குங்களா?" என்று கேட்டார்.

கல்லாவில் நின்ற எங்கள் கடைப் பையன், "பாத்ரூம் டைல்ஸ்ல இருக்கிற உப்பே இதுல போகுதுங்க, கார்ல போகாதுங்களா?" என்று சொல்லி ஓர் ஆசிட் பாட்டிலை எடுத்துக் கொடுத்தான். நாங்கள் பக்கத்திலேயே பேரேடு பார்த்துக்கொண்டிருந்தோம். பேச்சு காதில் விழுந்தது. தடுக்கவில்லை.

அவர் உச்சி வெயிலில் நின்ற காரின் மேல் அதை அப்படியே ஊற்றி, பாத்திரம் தேய்க்கும் நாரால் தேய்த்திருக்கிறார். சூட்டில் ஆசிட் அங்கேயே காய்ந்துவிட்டது. மறுநாள் பார்த்தால் பானெட் முழுவதும் மங்கலாகத் திட்டுத் திட்டாக இருந்தது. நார் கிழித்த கோடுகள் வேறு. முன்பக்கத்துக் குரோமியப் பட்டை ஒளி இழந்தது. கல் தெறித்துப் பெயிண்ட் போன இடங்களில் துரு கிளம்பிவிட்டது.

மூன்றாம் நாள் காரோடு கடைக்கு வந்தார். சத்தம் போடவில்லை. "கல்யாணத்துக்கு இன்னும் பன்னெண்டு நாள்தானுங்க இருக்குது" என்று மட்டும் சொன்னார். பானெட்டுக்குப் புதுப் பெயிண்ட் அடிக்கும் செலவை நாங்கள் ஏற்றுக்கொண்டோம். இன்றும் அவர் எங்களிடம்தான் சரக்கு எடுக்கிறார். ஆனால் அதற்குப் பிறகு "இதுல எது நல்லதுங்க?" என்று ஒரு முறைகூடக் கேட்டதில்லை. பணக் கணக்கு நேராகிவிட்டது. அந்தக் கணக்கு இன்னும் நேராகவில்லை.

அதன் பிறகுதான் இந்தக் கறையைப் பற்றி வண்டிக்குப் பெயிண்ட் அடிப்பவர்களிடமும் விவரம் தெரிந்தவர்களிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டு, எங்கள் வண்டிகளில் செய்தும் பார்த்தோம். அதை இங்கே தருகிறோம்.

கறை எப்படி உண்டாகிறது?

பூமிக்கு அடியில் பாறைகளின் ஊடே வரும் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்தான கால்சியமும், அதனோடு மெக்னீசியமும் கரைந்திருக்கும். இதையே கடின நீர் என்கிறோம். தண்ணீர் ஆவியாகும், சுண்ணாம்பு ஆவியாகாது. அது வண்டியின் மேலேயே தங்கிவிடும்.

அளவைப் பாருங்கள். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயப்படி கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருக்கலாம். வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 600 வரை அனுமதி உண்டு. 600 உள்ள தண்ணீரை 15 லிட்டர் வாளியில் பிடித்தால், அதில் 9 கிராம் சுண்ணாம்புக்குச் சமமான உப்பு இருக்கிறது. ஒரு பவுன் எடையைவிட அதிகம்! பெரும்பகுதி வழிந்து ஓடினாலும், துடைக்காமல் விட்ட ஒவ்வொரு துளியும் தன் பங்கை வைத்துவிட்டுத்தான் போகிறது.

கறையில் இரண்டு நிலை உண்டு. முதல் நிலையில் உப்பு பெயிண்டின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கும். வண்டியைக் கழுவியபின் விரலால் மெதுவாகத் தடவினால் சொரசொரப்பு தெரியும். இதைக் கரைத்து எடுத்துவிடலாம். இரண்டாம் நிலையில், பல நாள் வெயில் சூட்டில் கிடந்த உப்பு, பெயிண்டுக்கு மேலுள்ள கிளியர் கோட் என்ற நிறமற்ற பூச்சை அரித்துப் பள்ளம் செய்திருக்கும். மேலே இருந்த உப்பு போனபின்னும் வட்டம் மட்டும் தெரியும். இது கறை அல்ல, காயம். எதை ஊற்றினாலும் போகாது.

அந்தக் கிளியர் கோட் எவ்வளவு கனம் தெரியுமா? பெரும்பாலான கார்களில் சுமார் 40 முதல் 50 மைக்ரான். நாம் ஜெராக்ஸ் எடுக்கும் தாளின் கனத்தில் ஏறக்குறையப் பாதி. இவ்வளவு மெல்லிய பூச்சின் மேல்தான் நாரையும் ஆசிட்டையும் காட்டுகிறோம்.

நம் கடையிலேயே உள்ள மருந்து

சுண்ணாம்பு புளிப்புக்குக் கரையும். ஆனால் புளிப்பு மென்மையானதாக இருக்க வேண்டும். ஊறுகாய்க்கும் சமையலுக்கும் நாம் விற்கும் வெள்ளை வினிகரே போதும். அதில் புளிப்புச் சத்து 4 அல்லது 5 சதவீதம்தான். செய்முறை இது:

1. வண்டியை நிழலில் நிறுத்துங்கள். தகடு கை வைத்தால் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். காலை வேளை உத்தமம்.

2. முதலில் நல்ல தண்ணீரில் தூசியும் மண்ணும் போகக் கழுவுங்கள். மண்ணோடு துடைத்தால் கீறல் விழும்.

3. வெள்ளை வினிகர் ஒரு பங்கு, பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் ஒரு பங்கு கலந்துகொள்ளுங்கள். கண்ணில் படாத ஒரு மூலையில் முதலில் சோதித்துப் பாருங்கள்.

4. மைக்ரோஃபைபர் துணியை அதில் நனைத்துக் கறையின் மேல் ஒன்று இரண்டு நிமிடம் வையுங்கள். காயவிடக் கூடாது. பிறகு அழுத்தாமல் துடைத்து, உடனே நிறையத் தண்ணீர் விட்டு அலசி, உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள்.

5. முழு வண்டியையும் ஒரே மூச்சில் செய்யாமல், ஒரு முழம் இடமாகச் செய்யுங்கள். போகாவிட்டால் இரண்டு மூன்று முறை செய்யலாம்.

6. வினிகர், வண்டியில் பூசிய மெழுகையும் எடுத்துவிடும். ஆகவே முடிவில் கார் வேக்ஸ் பூசிவிட வேண்டும். அடுத்த முறை தண்ணீர் ஒட்டாமல் உருண்டு ஓடும்.

வினிகருக்குப் பதில் எலுமிச்சை உப்பும் உதவும். அரை லிட்டர் தண்ணீருக்கு ஒரு டீஸ்பூன் போதும். ஒரு குருணைகூட மீதியில்லாமல் கரைந்தபின்பே துணியை நனைக்க வேண்டும். கண்ணாடியில் உள்ள கறைக்கும் இதே முறைதான். துருப்பிடித்த இடம், பெயிண்ட் உரிந்த இடம், அலுமினியப் பட்டை இவற்றின் மேல் வினிகரும் வேண்டாம்.

சில ஊர்த் தண்ணீரில் சுண்ணாம்போடு சிலிக்கா என்ற மணற்சத்தும் இருக்கும். அது வினிகருக்குக் கரையாது. அப்படிப்பட்ட கறைக்கும், பள்ளம் விழுந்த வட்டங்களுக்கும் பாலீஷ் ஒன்றே வழி. பாலீஷ் என்பது பூச்சைச் சிறிது தேய்த்து எடுப்பதுதான். ஆகவே அடிக்கடி செய்யத் தகாது. பழகிய கையிடம் கொடுப்பது நல்லது. வண்டியில் கடைப் பெயர் எழுதியிருந்தால் அந்த எழுத்தின் மேல் பாலீஷ் படாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

வராமல் காப்பது

கறையை எடுப்பதைவிட வராமல் காப்பதே லாபம். இதற்குத் தனிச் செலவு கிடையாது. உச்சி வெயிலில் கழுவ வேண்டாம். உப்புத் தண்ணீரில்தான் கழுவ முடியும் என்றால், கடைசி அரை வாளியாவது நல்ல தண்ணீராக இருக்கட்டும். மழைத் தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் இன்னும் நல்லது. கழுவியதும் துடைத்துவிடுங்கள். இந்த ஒரு வேலையைச் செய்தாலே முக்கால்வாசிக் கறை வராது.

தண்ணீர் வீணாகாமல் இருக்கட்டும் என்று ஆர்.ஓ. இயந்திரத்தின் கழிவுத் தண்ணீரில் வண்டி கழுவும் வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. எண்ணம் நல்லது. ஆனால் குடிநீரிலிருந்து பிரித்த உப்பெல்லாம் அந்தத் தண்ணீரில்தான் சேர்ந்திருக்கிறது. அதைத் தரை துடைக்க வைத்துக்கொள்ளலாம், வண்டிக்கு வேண்டாம். படிகாரம் போட்டால் கடின நீர் மாறிவிடும் என்று நினைப்பதும் தவறு. படிகாரம் கலங்கலைத் தெளியவைக்கும், உப்பை எடுக்காது. மேல்தொட்டி வழியும் இடத்திலும், செடிக்குத் தண்ணீர் தெறிக்கும் இடத்திலும் வண்டியை நிறுத்தாதீர்கள்.

கல்லாவில் இருப்பவர்களுக்கு

இப்போது எங்கள் கடையில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். ஆசிட் பாட்டில் கேட்பவரிடம், "எதுக்குங்க வேணும்?" என்று கேட்டபின்பே எடுத்துக் கொடுக்க வேண்டும். வண்டிக்கு என்றால் கொடுப்பதில்லை. வினிகரைக் காட்டி முறையைச் சொல்லி அனுப்புகிறோம். வீட்டுக்கு என்றால், பிளீச்சிங் பவுடரோடு சேர்க்கக் கூடாது என்று தவறாமல் சொல்கிறோம். இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும். கதவடைத்த குளியலறையில் அது உயிருக்கே ஆபத்து. வாங்குபவர் இரண்டையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு போவதை நாம் தினமும் பார்க்கிறோம் அல்லவா?

புதிதாகச் சேரும் பையனுக்கு நாம் எடை போடக் கற்றுக் கொடுக்கிறோம், பில் போடக் கற்றுக் கொடுக்கிறோம். தெரியாததைக் கேட்டால் "தெரியலீங்க, பெரியவரைக் கேட்டுச் சொல்றேனுங்க" என்று சொல்லவும் கற்றுக் கொடுக்க வேண்டும். பெரியவரும் பேரேட்டிலிருந்து தலையை நிமிர்த்திப் பதில் சொல்ல வேண்டும். அன்று நாங்கள் தலை நிமிரவில்லை.

சரக்கு கெட்டுப் போனால் மாற்றிக் கொடுத்துவிடலாம். சொன்ன சொல் கெட்டுப் போனால் மாற்றிக் கொடுக்க நம் கடையில் சரக்கு இல்லை. இதை நினைவில் வைத்து வணிகம் செய்வோம்.