குமிழியில் தெரிந்த சன்னல்

நிலையாமைக்கு நீர்க்குமிழியை உவமை கூறுவது நம் முன்னோர் வழக்கம். அந்தக் குமிழி உடைந்து மறையும் முன் அதைப் படம் பிடித்துவிட வேண்டும் என்ற ஆசை எங்கள் அறிவியல் கழகத்தாருக்கு இவ்வாண்டு எழுந்தது. அதில் நாங்கள் கற்றதை அன்புத் தோழியரோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

முதல் நாள் தோல்விதான். ஆழ்துளைக் கிணற்று நீரில் துணி சோப்பைச் சீவிக் கரைத்தோம். நுரைக்குப் பதில் வெண்மையான கசடுதான் மிதந்தது. ஓசூர்ப் பக்கத்துப் பாறை நிலத்தில் ஊறும் நீர் பல இடங்களில் கடினநீர். அதிலுள்ள கால்சிய, மெக்னீசிய உப்புகள் சோப்போடு சேர்ந்து அதைக் கசடாக்கிவிடுகின்றன. பின்னர் மழைநீர் ஒரு தம்ளர், பாத்திரம் துலக்கும் திரவம் இரண்டு கரண்டி, கிளிசரின் ஒரு கரண்டி சேர்த்துக் கலக்கினோம். நீர் விரைவில் ஆவியாகாமல் கிளிசரின் காக்கும். காற்றில்லாத, ஈரம் மிகுந்த காலை நேரத்தில் குமிழிகள் நெடுநேரம் நின்றன.

ஸ்ட்ராவின் நுனியில் ஒரு குமிழியைத் தொங்கவிட்டு, பின்புறம் கறுப்புத் துணி கட்டினோம். கறுப்பு எதற்கு? குமிழியின் படலம் தன்மேல் விழும் ஒளியில் நூற்றில் ஏறத்தாழ 8 பங்குக்கு மேல் திருப்பி அனுப்புவதில்லை. மீதி ஊடுருவிச் சென்றுவிடும். பின்புறம் வெளிச்சமாக இருந்தால் அந்தச் சிறு ஒளி நம் கண்ணுக்குத் தெரியாது.

படத்தைப் பார்த்தபோது வியப்பு! ஒரே குமிழியில் இரண்டு சன்னல்கள். ஒன்று நேராக, மற்றொன்று தலைகீழாக. குமிழியின் முன்பக்கம் குவியாடி போலவும், பின்பக்கத்தின் உட்புறம் குழியாடி போலவும் வேலை செய்வதே காரணம். அந்தச் சன்னலுக்குள் கைபேசியோடு நின்ற எங்கள் முகங்களும் தெரிந்தன! பிறகு சற்று ஒதுங்கி நின்று எடுத்தோம். நிறங்கள் மட்டும் வேண்டுமென்றால் சன்னலை வெள்ளை வேட்டியால் மறைக்க வேண்டும். அகன்ற, மென்மையான ஒளியில் குமிழி முழுவதும் வண்ணம் படரும்.

நிறமற்ற சோப்பு நீரில் வண்ணம் எங்கிருந்து வந்தது? படலத்தின் வெளிப்பரப்பிலிருந்து ஓர் ஒளியும் உட்பரப்பிலிருந்து மற்றோர் ஒளியும் திரும்பி வருகின்றன. இரண்டும் சேரும்போது சில நிறங்கள் வலுப்பெறும், சில அழியும். எந்த நிறம் மிஞ்சும் என்பதைப் படலத்தின் தடிமன் முடிவு செய்கிறது. அத்தடிமன் நம் தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கே. நீர் கீழ்நோக்கி வடிவதால் மேற்பகுதி மெலிந்துகொண்டே வரும். நிறப்பட்டைகளும் கீழே இறங்கும். மிக மெலிந்த இடத்தில் எல்லா நிறங்களும் அழிந்து கருமை தோன்றும். கருமை வந்தால், "எடு, எடு!" என்று கத்துவோம். அடுத்த நொடி குமிழி இராது!

இக்கருமையை நியூட்டன் 1704இல் வெளியிட்ட தம் ஒளியியல் நூலில் விவரித்துள்ளார். திருச்சியில் 1888இல் பிறந்த சர் சி. வி. இராமன், 1930களில் சிப்பிகளிலும் பறவை இறகுகளிலும் மின்னும் நிறங்களை ஆராய்ந்தார். அவர் 1948இல் நிறுவிய ஆராய்ச்சி நிலையம் ஓசூருக்கு அண்டை நகரான பெங்களூரில்தான் உள்ளது.

இவ்வளவு மகிழ்ச்சிக்கிடையே ஒரு வருத்தமும் உண்டு. நந்தி மலைப் பகுதியில் பிறந்து கர்நாடகத்தைக் கடந்து வரும் தென்பெண்ணை ஆறு, ஓசூரை அடுத்த கெலவரப்பள்ளி அணைக்கு வருகிறது. அணையிலிருந்து திறந்துவிடும் நீரில் மலைபோல் நுரை பொங்கியதை அண்மை ஆண்டுகளில் செய்தித்தாள்கள் பலமுறை வெளியிட்டன. ஆற்றில் கலக்கும் வீட்டுச் சாக்கடையும் ஆலைக் கழிவும் இதற்குக் காரணம் எனக் கூறப்படுகிறது. நீரின் பரப்பு இழுவிசையைக் குறைத்துக் குமிழியை நிற்கச் செய்யும் பொருள்கள் அந்நீரில் உள்ளன. எங்கள் தம்ளரில் நடந்ததே அங்கும் நடக்கிறது. ஆனால் எண்ணற்ற சிறு குமிழிகள் ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடிப்பதால் நுரை வெண்மையாகத் தெரிகிறது. தூரத்தில் பஞ்சுமேகம் போல் அழகாக இருக்கும். அந்நீரை நம்பிப் பயிரிடும் குடும்பங்களிலிருந்து வரும் தோழியர் எங்கள் வகுப்பிலும் உள்ளனர். அவர்களுக்கு அது அழகாகத் தெரியவில்லை.

படம் எடுத்து முடித்ததும், மீந்த சோப்பு நீரை எங்கே கொட்டுவது என்று ஒரு தோழி கேட்டாள். அன்றுவரை நாங்கள் யாரும் கேட்காத கேள்வி அது. ஒரு கரண்டி குறைத்துப் போட்டாலும் துணி வெளுக்கும், பாத்திரம் துலங்கும் என்பதை இப்போது எங்கள் வீடுகளில் சொல்லி வருகிறோம். நீங்களும் ஒரு குமிழி ஊதிப் பாருங்கள், தோழியரே! அதில் தெரியும் உங்கள் முகத்தையும் சற்றே உற்றுப் பாருங்கள்.