முதுகுத்தண்டு நோயாளியும் கஞ்சா மருந்தும்

பொள்ளாச்சித் தென்னந்தோப்புகளில் மரமேறிகள் தவறி விழுவதும், அவிநாசிச் சாலையில் இருசக்கர வாகனங்கள் மோதிக் கவிழ்வதும் தாங்கள் அறியாத செய்திகளல்ல. அவ்விபத்துகளில் தண்டுவடம் சிதைந்தோரின் வேதனையைத்தான் நம்மில் பலர் அறிவதில்லை. தொட்டால் உணராத கால்களே நெருப்பிலிட்டாற்போல் எரியும். அசைக்க இயலாத தசைகள் தாமாகவே இறுகி, வெட்டி இழுக்கும். உறக்கம் பறிபோகும்.

அந்த வீட்டாரிடம் யாரேனும் ஒருவர், "வெளிநாட்டில் இதற்குக் கஞ்சாவிலிருந்து மருந்து கொடுக்கிறார்களாமே" என்று சொல்லிச் செல்கிறார். அது முற்றிலும் பொய்யன்று. இரணஜன்னியின் கொடிய தசைப்பிடிப்புக்கு அதனைக் கொடுத்துப் பார்த்த ஓஷானஸி என்னும் அயர்லாந்து மருத்துவர், 1839இல் நமது கல்கத்தாவிலிருந்துதான் அதை உலகுக்கு எடுத்துரைத்தார். பிரிட்டனில் 2018 நவம்பர் முதல் சிறப்பு மருத்துவர்கள் கஞ்சா மருந்துகளை எழுதித் தரலாம். ஆயினும் நாட்பட்ட வலிக்கு அவற்றைத் தர வேண்டாமென்றே அந்நாட்டு மருத்துவ வழிகாட்டுதல் 2019இல் கூறிற்று. தசை இறுக்கத்தைப் பொறுத்தவரை, மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயாளிகளுக்கு, மற்ற மருந்துகள் பயன் தராதபோது, வாயில் தெளிக்கும் ஒரு மருந்தை நான்கு வாரம் கொடுத்துப் பார்க்கலாம் என்றது. அவ்வளவே.

இனி நம் நாட்டுக்கு வருவோம். 1985ஆம் ஆண்டின் போதைப் பொருள் தடைச் சட்டம், மருத்துவத்திற்கும் அறிவியலுக்கும் விலக்குண்டு என்று எட்டாம் பிரிவில் கூறத்தான் செய்கிறது. ஆனால் மருத்துவர் சீட்டுடன் சென்று கஞ்சா வாங்க ஒரு கடையும் இல்லை. கதவு இருக்கிறது, சாவியைத்தான் காணோம்! செடியின் பூ நுனியும் பிசினும் தடைக்குள் அடங்கும். தனி இலை மட்டும் மத்தியச் சட்டத்தின் வரையறைக்கு வெளியே நிற்கிறது. அவ்விலையைக் கொண்டே ஆயுர்வேத, சித்த, யூனானி மருந்துகள் உரிமம் பெற்றுத் தயாராகின்றன. நச்சுப் பொருள் அட்டவணையில் உள்ளதால், மருத்துவர் மேற்பார்வையில் உண்ண வேண்டும் என்ற எச்சரிக்கை அவற்றின் மேலுறையில் இருத்தல் வேண்டும். தண்டுவட நோய்க்கு அவை உறுதியாகப் பலன் தரும் என நிறுவிய பெரிய ஆய்வுகள் இல்லை.

இந்நிலையில் நடக்க இயலாத தந்தைக்காகச் சந்துமுனைக்குச் செல்பவன் மகன். வழக்கில் சிக்குபவனும் அவனே. ஒரு கிலோ வரையிலான சிறிய அளவுக்கே ஓராண்டு வரை கடுங்காவல், அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் உண்டு. அவன் வாங்கி வரும் பொட்டலத்தில் எவ்வளவு வீரியம், என்ன கலப்படம் என்பதை எவரும் அறியார். கழுத்துப் பகுதியில் தண்டுவடம் அடிபட்டோருக்கு இயல்பாகவே இரத்த அழுத்தம் தாழ்ந்திருக்கும். கஞ்சா அதை மேலும் தாழ்த்தக்கூடும்.

இது ஹராமல்லவா என்ற கேள்வியும் நம் இல்லங்களில் எழும். போதை தருவது விலக்கப்பட்டதே. நிர்ப்பந்தம், ஆகுமான மாற்று மருந்தின்மை, நம்பத்தகுந்த மருத்துவரின் சொல் ஆகியவற்றைக் கருதியே ஆலிம்கள் விளக்கம் தருவர். முகம் பார்த்து நிலையைச் சொல்லிக் கேளுங்கள்.

அதற்கு முன் மருத்துவரிடம் கேட்க வேண்டியவை உள்ளன. நரம்பு எரிச்சலுக்குக் கபாபென்டின், பிரிகாபலின். தசை இறுக்கத்திற்குப் பாக்லோஃபென். இவற்றை உரிய அளவில் கொடுத்துப் பார்த்தாயிற்றா? தசைவெட்டு திடீரெனக் கூடினால் சிறுநீர்த் தொற்று, படுக்கைப் புண், மலச்சிக்கல் ஆகியவற்றில் ஒன்று மறைந்திருக்கலாம். அதைக் குணப்படுத்தினாலே இழுப்புத் தணிவதுண்டு. முதுகெலும்பில் புற்றுநோய் பரவியோருக்கு மார்ஃபின் கிடைப்பதை 2014ஆம் ஆண்டின் சட்டத் திருத்தம் எளிதாக்கியுள்ளது. கேட்கக் கூச வேண்டாம்.

உறவினரைக் காண வளைகுடா செல்வோருக்கு மற்றொன்று. இங்கு உரிமம் பெற்ற இலைத் தைலமாயினும், சீட்டும் ரசீதும் கையில் இருப்பினும், அதைப் பெட்டியில் வைக்காதீர்கள். சவூதியில் அது கடுங்குற்றம்.