ராணியின் கூந்தல் வானேறிய கதை

வானியலாளர்கள் இன்று ஏற்றுக்கொண்டிருக்கும் 88 விண்மீன் கூட்டங்களில், உண்மையில் வாழ்ந்த ஒரு பெண்ணின் பெயரைத் தாங்கியது ஒன்றே ஒன்றுதான்: கோமா பெரெனிசெஸ். பெரெனிக்கேயின் கூந்தல் என்று பொருள்.

கி.மு. 246-ல் எகிப்தின் அரியணை ஏறினான் கிரேக்க வம்சத்து மூன்றாம் தாலமி. ஏறிய கையோடு சிரியாவுக்குப் படை கிளம்பியது. கணவன் உயிரோடு திரும்பினால் தன் கூந்தலைக் கொடுப்பதாகப் புதுமனைவி பெரெனிக்கே நேர்ந்துகொண்டாள். அவன் திரும்பினான். கூந்தல் கோயிலுக்குப் போனது. மறுநாளே காணாமலும் போனது. அரசன் கொதித்தான். அரசவை வானியலாளர் கோனோன், சிங்க வடிவிலான சிம்ம விண்மீன் கூட்டத்தின் வாலுக்கு அருகே மங்கலாகச் சிதறிக் கிடந்த விண்மீன்களைக் காட்டி, “தெய்வங்கள் அதை அங்கே வைத்துவிட்டன” என்றாராம். பிழைக்கத் தெரிந்தவர்!

இந்த முகஸ்துதி அந்த அரண்மனையோடு முடிந்திருக்கும். அலெக்சாந்திரியாவின் பெருங்கவி கல்லிமாக்கஸ் அதைக் கவிதையாக்கியதால் பிழைத்தது. சுமார் இரண்டு நூற்றாண்டு கழித்து ரோமானியக் கவி கட்டுல்லஸ் அதை லத்தீனில் தந்தார். கிரேக்கத்தில் ‘ப்ளோகமோஸ்’, அதாவது சுருள்முடி, லத்தீனில் ‘கோமா’. அந்த லத்தீன் சொல்லே கிரேக்க ‘கோமே’யிலிருந்து வந்தது. வால்மீனுக்கு ‘காமெட்’ என்ற பெயர் வந்ததும் அதே வேரிலிருந்துதான்: கூந்தல் உடையது. மருத்துவமனையில் காதில் விழும் ‘கோமா’ வேறு; அது ஆழ்ந்த உறக்கத்தைக் குறிக்கும் இன்னொரு கிரேக்கச் சொல். பெரெனிக்கே என்பது ‘வெற்றியைக் கொண்டுவருபவள்’ என்ற பெயரின் மாசிடோனிய உச்சரிப்பு. வெரோனிக்கா என்பதும் இதன் திரிபே என்பார்கள்.

கவிகள் கொடுத்த இடத்தை வானியல் எளிதில் கொடுக்கவில்லை. கி.பி. 2-ஆம் நூற்றாண்டின் வானியலாளர் தாலமி (மன்னனுக்கு உறவல்ல) தொகுத்த 48 கூட்டங்களில் இது இல்லை. சிம்மத்துக்கு வெளியே கிடக்கும் உதிரி விண்மீன்களாகவே விட்டுவிட்டார். 1536-ல் காஸ்பர் வோப்பெல் தன் வான்கோளத்தில் இதைத் தனியாக வரைந்தார். 1602-ல் வெளியான டைக்கோ பிராஹேயின் அட்டவணை இதை நிலைநிறுத்தியது.

பெரெனிக்கேயின் முடிவு கொடியது. கி.மு. 221-ல், சொந்த மகனின் ஆட்சியில் கொல்லப்பட்டாள்.

அவள் கூந்தலை ஏப்ரல், மே இரவுகளில் சிம்மத்துக்கும் சுவாதிக்கும் நடுவே தேடுங்கள். நகர வெளிச்சத்தில் தெரியாது. ஊருக்கு வெளியே, நிலவில்லாத நாளாகப் பார்த்துப் போங்கள்.