விமான நிலையத்தில் யாருக்கு என்ன அதிகாரம்?

நம் தராசுக்கு முத்திரை வைக்கும் அதிகாரி அரிசி விற்பதில்லை. விற்றால் அந்த முத்திரையை யார் நம்புவார்கள்? விமானத் துறையிலோ இந்தப் பிரிவினை வருவதற்கு வெகுகாலம் ஆயிற்று.

டி.ஜி.சி.ஏ. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகம் புதுடில்லியில் இருக்கிறது. முன்பு உள்நாட்டு விமான நிலையங்களை நடத்தியதும், விமானங்களுக்கு வழி சொன்னதும், விதி வகுத்ததும் இதே துறைதான். 1986இல் விமான நிலையங்களும் வான் போக்குவரத்துக் கட்டுப்பாடும் தனி அமைப்புக்கு மாறின. 1.4.1995 முதல் அந்தப் பணி இந்திய விமான நிலையங்கள் ஆணையத்திடம் உள்ளது. விதி வகுப்பதும் சோதிப்பதும் உரிமம் தருவதும் டி.ஜி.சி.ஏ.வின் வேலை. பழைய 1934ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த 2024ஆம் ஆண்டின் புதிய சட்டம் 1.1.2025 முதல் நடப்பில் உள்ளது.

பயணிகள் விமானம் வழக்கமாக வந்து போகும் நிலையத்துக்கு டி.ஜி.சி.ஏ. உரிமம் கட்டாயம். ஓடுபாதை, விளக்கு, சுற்றுச்சுவர், பறவைத் தொல்லை எல்லாம் சோதனைக்கு உட்பட்டவை. எத்தனை தீயணைப்பு வண்டி வேண்டும் என்பதுகூட அங்கு வரும் பெரிய விமானத்தின் நீள அகலத்தைப் பொறுத்தது. டில்லி, மும்பை போன்ற நிலையங்களைத் தனியார் நடத்தினாலும், கோபுரத்திலிருந்து விமானிக்கு உத்தரவு கொடுப்பது ஆணையத்தின் ஊழியர்களே.

அந்த உத்தரவின் மதிப்பு 12.11.1996 அன்று தெரிந்தது. டில்லியிலிருந்து மேலேறிய சவூதி விமானத்துக்கு 14,000 அடி, இறங்கி வந்த கஜகஸ்தான் விமானத்துக்கு 15,000 அடி என்று உயரம் சொல்லப்பட்டிருந்தது. கஜக் விமானம் அதற்கும் கீழே இறங்கிவிட, ஹரியானாவின் சர்க்கி தாத்ரி அருகே இரண்டும் மோதின. 349 பேர் மாண்டனர். மோதலை முன்கூட்டியே எச்சரிக்கும் கருவி அதன்பிறகு கட்டாயமாயிற்று.

இதெல்லாம் மளிகைக் கடைக்கு எதற்கு என்று கேட்கலாம். விமானத்தில் பார்சல் போடும்போது தெரியும். பெரிய நிலையங்களில் சரக்குக் கையாளும் கட்டணத்தை நிர்ணயிப்பது 2008ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த பொருளாதார ஒழுங்குமுறை ஆணையம். சரக்கைச் சோதிப்பதற்கான நியதிகளைச் சொல்வது பி.சி.ஏ.எஸ். என்னும் பாதுகாப்புப் பிரிவு. 1985இல் கனிஷ்கா விமானம் குண்டுவெடிப்பில் 329 பேருடன் கடலில் விழுந்த பின், 1987இல் இது தனித் துறையாக்கப்பட்டது. ஆகவே சோதனையில் பார்சல் நின்றுவிட்டால் விமான கம்பெனி குமாஸ்தாவிடம் சண்டை போட்டுப் பயனில்லை.

நாம் அதிகம் கவனிக்க வேண்டியது அபாயச் சரக்கு விதிகள். கற்பூரம் நமக்குப் பூஜைச் சாமான். விமானச் சரக்குப் பட்டியலில் அது எளிதில் தீப்பற்றும் திடப்பொருள், எண் 2717. தீப்பெட்டி, வாசனை ஸ்பிரே, பிளீச்சிங் பவுடர் எல்லாமே பட்டியலில் உள்ளன. கொப்பரைக்கும் எண் உண்டு, 1363. ஈரப்பதமுள்ள கொப்பரை மூட்டையை நெருக்கி அடுக்கினால் நடுவில் கை வைக்க முடியாமல் சூடேறுவது கிடங்கு வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். காற்றுப் போக்கில்லாத விமானச் சரக்கறையில் அதே சூடு தீயாகலாம். 2022 மார்ச்சில் பயணிகளின் பெட்டிகளிலும் கொப்பரை தடைப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

'மளிகைச் சாமான்' என்று ஒரே வார்த்தையில் பில் எழுதும் பழக்கம் இங்கே உதவாது. உள்ளே கற்பூரம் இருந்தால் கற்பூரம் என்றே எழுத வேண்டும். அதற்குரிய பேக்கிங்கும் லேபிளும் வேண்டும். அபாயச் சரக்குக்கான உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்து, அனுப்புகிறவருடையது. ஏஜெண்டு நிரப்பிக் கொடுத்தாலும் பொறுப்பு நம்முடையதே. அபாயச் சரக்குப் பயிற்சி பெற்ற ஆள் இருக்கிறாரா என்று ஏஜெண்டிடம் கேட்டுவிட்டே புக் செய்யலாம்.