டைனமோவுக்கு 'இ' வேண்டுமா?

சென்னையிலிருந்து பெங்களூர்ச் சாலையில் மேற்கே சென்றால் இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர். அங்கிருந்து தெற்கே திரும்பினால் ஒரகடம். 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹுண்டாய் கார்கள் உருவாகத் தொடங்கின. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிஸ்ஸான் ஆலை வந்தது. உங்களில் சிலர் நாளை இங்கே பயிற்சிக்குப் போகலாம். அன்று உங்கள் கையில் ஒரு பட்டியல் இருக்கும். அதை ஆங்கிலத்தில்தான் எழுதவேண்டும்.

தகட்டை அழுத்திக் கார்க் கதவாக வளைக்கும் உருக்கு அச்சுக்கு 'டை' என்று பெயர். உருட்டி விளையாடும் பகடைக்கும் ஆங்கிலத்தில் அதே பெயர்தான்! பல பகடைகளைக் குறிக்க டி-ஐ-சி-இ என்றும், பல அச்சுகளைக் குறிக்க டி-ஐ-இ-எஸ் என்றும் எழுதவேண்டும். முதலாவது 'ஐஸ்' போல முடியும். இரண்டாவது 'இஸட்' ஒலியில் முடியும். தமிழில் எழுதினால் இரண்டும் 'டைஸ்'தான். மாற்றி எழுதினால், இவர் பகடையா கேட்கிறார் என்று கிடங்குக்காரர் திகைப்பார். ஆனால் மின்னணுத் துறையில், சிலிக்கான் வில்லையை நறுக்கிய துண்டும் 'டை'. அங்கே இரண்டு பன்மைகளும் வழக்கில் உள்ளன.

இனி 'ஓ'வில் முடியும் சொற்கள். 'பொட்டேட்டோ'வுக்கு இ-எஸ் சேர்க்கிறோம். 'பியானோ'வுக்கு எஸ் மட்டுமே. ஏன்? பியானோ என்பது 'பியானோஃபோர்ட்டே' என்ற இத்தாலியச் சொல்லின் சுருக்கம். மென்மை-உரப்பு என்று பொருள். சுருக்கிய சொற்கள் பெரும்பாலும் எஸ் மட்டுமே பெறும். ஃபோட்டோ, கிலோ, டர்போ எல்லாம் இப்படித்தான். டைனமோவும் 'டைனமோ-எலக்ட்ரிக் மெஷின்' என்ற நீண்ட பெயரின் சுருக்கமே. ஆகவே அதற்கு 'இ' வேண்டாம். இது முழு விதியன்று. ஆனாலும் நல்ல துணை.

இத்தாலிய மொழியில் ஓவில் முடியும் பெயர் பன்மையில் 'இ' ஒலியில் முடியும். எனவே இசைநூல்களில் கன்செர்ட்டோ பலவானால் 'கன்செர்ட்டி', வேகத்தைக் குறிக்கும் டெம்போ பலவானால் 'டெம்பி'. எஸ் சேர்த்தாலும் ஆங்கிலத்தில் பிழையில்லை. எனக்கு அதுவே பிடிக்கும். ஒரகடம் சாலையில் சரக்கேற்றிப் போகும் டெம்போக்களை மட்டும் யாரும் 'டெம்பி' என்று அழைக்கவேண்டாம்!

'ஆக்ஸிஸ்' என்ற அச்சுக்கோட்டின் பன்மை 'ஆக்ஸீஸ்'. கோடரிகளுக்கும் அதே எழுத்துகள்தாம், உச்சரிப்பு மட்டும் வேறு. ஆனால் 'ஃபைவ் ஆக்ஸிஸ் மெஷின்' என்னும்போது ஒருமையே வரும், ஏனெனில் அங்கே அச்சுக்கோடு எந்திரத்துக்கு அடைமொழியாகிவிடுகிறது.

தொழிலாளி "பத்து போல்ட் கொண்டு வா" என்கிறார். இது பிழையா? அன்று. 'மாடு வந்தது, மாடு வந்தன' என்று பால்பகா அஃறிணைப் பெயரைப் படித்திருக்கிறீர்களே, அதே வழக்குத்தான். பத்து என்று சொன்னபின் 'கள்' எதற்கு? இந்த வட்டாரத்துக்கு வந்து பணிபுரியும் ஜப்பானியர், கொரியர் மொழிகளிலும் பன்மை விகுதி கட்டாயமில்லை. ஆங்கிலம்தான் பத்து என்று சொல்லியும் எஸ் கேட்கிறது.

அந்த எஸ்ஸை நாம் கவனிப்பதில்லை. அதனால்தான் 'பார்ட்ஸ்கள்' என்று பன்மைமேல் பன்மை ஏற்றுகிறோம். ஆங்கிலேயரைப் பார்த்து வெட்கப்படவேண்டாம். இத்தாலிய ரொட்டி 'பனீனோ'வின் பன்மை 'பனீனி'. அதை ஒருமையென்று எண்ணி அவர்கள் 'பனீனிஸ்' என்கிறார்கள்!

அளவைகளில் மட்டும் கவனம் வேண்டும். கிலோகிராமின் குறியீடான கே-ஜி ஒன்றுக்கும் ஐம்பதுக்கும் ஒன்றே, எஸ் சேர்க்கக்கூடாது. பெயரை முழுமையாக எழுதினால் வோல்ட் 'வோல்ட்ஸ்' ஆகும். ஆனால் ஹெர்ட்ஸ், லக்ஸ், சீமென்ஸ் மூன்றும் பன்மையிலும் மாறுவதில்லை. மின்கடத்தும் திறனை அளக்கும் சீமென்ஸின் கடைசி எஸ் பன்மை விகுதியன்று. வெர்னர் ஃபொன் சீமென்ஸ் என்ற ஜெர்மன் பொறியியலாளரின் பெயரிலேயே உள்ளது. ஆகவே 'ஒரு சீமென்' என்று ஓர் அலகு கிடையாது.