பழைய ஆட்டோஃபோகஸ் லென்ஸ்களை மிரர்லெஸ் கேமராக்களில் பயன்படுத்துதல்

ஃபிலிம் காலத்தில், குறிப்பாக 1985க்கும் 2000க்கும் இடைப்பட்ட ஆண்டுகளில், வெளிவந்த ஆட்டோஃபோகஸ் லென்ஸ்களை அடாப்டர் எனப்படும் இடைவளையத்தின் உதவியுடன் இன்றைய மிரர்லெஸ் கேமராக்களில் பொருத்திப் படம் எடுக்கலாம். பழைய எஸ்எல்ஆர் லென்ஸ்களில் பெரும்பாலானவை ஏதேனும் ஓர் அடாப்டர் வழியாகப் பொருந்திவிடும். ஆனால் பொருந்துகிற எல்லா லென்ஸிலும் ஆட்டோஃபோகஸ் இயங்குவதில்லை. ஃபோகஸைத் திருப்பும் மோட்டார் லென்ஸுக்குள் இருக்கிறதா, அல்லது பழைய கேமராவின் உடலுக்குள் இருந்ததா என்பதே இதை முதன்மையாகத் தீர்மானிக்கிறது. ஆட்டோஃபோகஸ் தேவையா என்பதோ எடுக்கப்படும் காட்சியைப் பொறுத்தது. இக்கட்டுரை இவ்விரண்டையும் பழனி மலை, கொடைக்கானல் பகுதிகளின் ஒளி, பனி, ஈரப்பதம் ஆகியவற்றை எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குகிறது.

வரலாற்றுப் பின்னணி

1981இல் வெளிவந்த பென்டாக்ஸ் எம்இ எஃப், லென்ஸ் வழியே வரும் ஒளியைக் கொண்டே ஃபோகஸை அறிந்த முதல் 35 மி.மீ. எஸ்எல்ஆர் கேமரா ஆகும். அதற்கான மோட்டாரும் மின்கலங்களும் லென்ஸில் இருந்தன. 1985இல் மினோல்டா 7000 இந்த அமைப்பை மாற்றியது. ஃபோகஸ் அறியும் உணரி, மோட்டார் இரண்டும் கேமரா உடலுக்குள் சென்றன. உடலில் இருந்து நீளும் திருப்புளி முனை போன்ற சிறு தண்டு, லென்ஸின் பின்புறத்தில் உள்ள பள்ளத்தில் பொருந்தி அதைச் சுழற்றியது. 1986இல் வந்த நிக்கான் எஃப்-501 கேமராவும் இம்முறையையே பின்பற்றியது.

கேனான் வேறு வழியைத் தேர்ந்தது. 1987இல் ஈஓஎஸ் 650 கேமராவுடன் அறிமுகமான இஎஃப் மவுண்டில் ஒவ்வொரு லென்ஸுக்கும் தனி மோட்டார் வைக்கப்பட்டது. ஃபோகஸ், துளை ஆகிய இரண்டும் மின் தொடர்பு வழியாகவே இயங்கின. லென்ஸுக்கும் உடலுக்கும் இடையில் ஃபோகஸையோ துளையையோ இயக்கும் நெம்புகோல் எதுவும் இல்லை. பழைய மவுண்டைக் கைவிட்டதால் கேனானின் அன்றைய வாடிக்கையாளர்கள் இழப்புக்கு உள்ளாயினர். ஆனால் அந்த முடிவினால்தான் இன்று கேனானின் பழைய இஎஃப் லென்ஸ்கள் அடாப்டர் வழியாக எளிதில் இயங்குகின்றன.

மிரர்லெஸ் கேமராக்களின் காலம் 2008இல் பானசோனிக் ஜி1 உடன் தொடங்கியது. 2013இல் சோனி ஆல்ஃபா 7 முழுச்சட்ட சென்சாருடன் வந்தது. 2018இல் நிக்கான் இசட், கேனான் ஆர் வரிசைகள் வெளியாயின.

அடாப்டர் பொருந்துவதன் அடிப்படை

எஸ்எல்ஆர் கேமராவில் லென்ஸுக்கும் ஃபிலிமுக்கும் நடுவே சாய்ந்த கண்ணாடி ஒன்று இருந்தது. அது மேலே எழுவதற்கு இடம் தேவை என்பதால், லென்ஸ் மவுண்டிலிருந்து ஃபிலிம் வரையுள்ள தொலைவு அதிகமாக வைக்கப்பட்டது. மிரர்லெஸ் கேமராவில் அக்கண்ணாடி இல்லை. எனவே இத்தொலைவு பாதிக்கும் கீழே குறைந்தது.

நிக்கான் எஃப்: 46.5 மி.மீ.
பென்டாக்ஸ் கே: 45.46 மி.மீ.
மினோல்டா / சோனி ஏ: 44.5 மி.மீ.
கேனான் இஎஃப்: 44 மி.மீ.
கேனான் ஆர்எஃப்: 20 மி.மீ.
சோனி இ: 18 மி.மீ.
நிக்கான் இசட்: 16 மி.மீ.

இவற்றின் வேறுபாடே அடாப்டரின் தடிமன். நிக்கான் எஃப் லென்ஸை இசட் கேமராவில் மாட்ட 30.5 மி.மீ. தடிமனும், மினோல்டா லென்ஸை சோனி இ கேமராவில் மாட்ட 26.5 மி.மீ. தடிமனும் தேவை. சாதாரண அடாப்டரில் கண்ணாடி வில்லை எதுவும் இல்லாததால் படத்தின் தரம் குறைவதில்லை.

தடிமன் சரியாக இருப்பது முக்கியம். அடாப்டர் தேவையைவிடத் தடித்திருந்தால் லென்ஸ் மிகத் தொலைவில் உள்ள பொருளுக்கு ஃபோகஸ் ஆகாது. கோக்கர்ஸ் வாக்கிலிருந்து சமவெளியை எடுக்கும்போது, ஃபோகஸ் வளையத்தை இறுதிவரை திருப்பியும் தொலைவு மங்கலாகவே இருந்தால் அடாப்டரைத்தான் முதலில் ஐயப்பட வேண்டும். சற்று மெலிந்திருந்தால் வளையம் முடிவிலிக் குறியைத் தாண்டியும் திரும்பும். இதனால் பெரிய கேடு இல்லை. ஆனால் வளையத்தின் குறியை நம்பாமல் திரையைப் பார்த்தே ஃபோகஸ் செய்ய வேண்டும்.

மவுண்ட் வாரியாக ஆட்டோஃபோகஸ்

கேனான் இஎஃப்: மோட்டார் லென்ஸுக்குள்ளேயே இருப்பதால் அடாப்டர் மின்சாரத்தையும் கட்டளைகளையும் கடத்தினால் போதும். கேனானின் ஆர்எஃப் கேமராக்களில் அந்நிறுவனத்தின் அடாப்டருடன் 1987ஆம் ஆண்டு லென்ஸும் ஆட்டோஃபோகஸ் ஆகும். சோனி கேமராக்களுக்கு மெட்டாபோன்ஸ் போன்ற பிற நிறுவன அடாப்டர்கள் உள்ளன. இவற்றில் வேகம் லென்ஸுக்கு லென்ஸ் மாறுபடும். ஃபிலிம் காலத்தில் பிற நிறுவனங்கள் இஎஃப் மவுண்டுக்கு உருவாக்கிய சில லென்ஸ்கள், குறிப்பாகப் பழைய சிக்மா லென்ஸ்கள், டிஜிட்டல் கேமராக்களின் கட்டளைகளைப் புரிந்துகொள்ளாமல் பிழைச் செய்தி காட்டும்.

மினோல்டா ஏ: கோனிகா மினோல்டா 2006இல் கேமராத் தொழிலிலிருந்து விலகியபோது சோனி இம்மவுண்டை ஏற்றது. எனவே மூன்று வகையான அடாப்டர்களைச் சோனியே வெளியிட்டது. எல்ஏ-இஏ3 அடாப்டரில் மோட்டார் இல்லை. தண்டால் இயங்கும் மினோல்டா லென்ஸ்களைக் கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். எல்ஏ-இஏ4 அடாப்டரில் மோட்டாரும், ஒளியில் ஒரு பகுதியைப் பிரித்து அனுப்பும் அரைக் கண்ணாடியும், தனி ஃபோகஸ் உணரியும் உள்ளன. இதனால் எந்த சோனி இ உடலிலும் ஆட்டோஃபோகஸ் கிடைக்கும். ஆனால் சென்சாருக்கு வரும் ஒளி சற்றுக் குறையும், ஃபோகஸ் புள்ளிகள் சட்டத்தின் நடுவில் குவிந்திருக்கும். 2020இல் வந்த எல்ஏ-இஏ5 அடாப்டரில் மோட்டார் மட்டும் உள்ளது. கேமராவின் சென்சாரே ஃபோகஸை அறிகிறது. தண்டால் இயங்கும் லென்ஸ்களுக்கு இவ்வசதி ஆல்ஃபா 7ஆர் 4, ஆல்ஃபா 6600 போன்ற குறிப்பிட்ட உடல்களில் மட்டுமே உண்டு. எனவே அடாப்டரை வாங்கும் முன் கேமரா மாதிரியைச் சரிபார்ப்பது அவசியம்.

நிக்கான் எஃப்: ஒரே மவுண்டில் இரு தலைமுறைகள் இருப்பதால் இங்குதான் குழப்பம் மிகுதி. ஏஎஃப்-எஸ் லென்ஸ்களில் மோட்டார் உண்டு. அவை எஃப்டிஇசட் அடாப்டருடன் இசட் கேமராக்களில் ஆட்டோஃபோகஸ் ஆகும். ஏஎஃப், ஏஎஃப்-டி எனக் குறிக்கப்பட்டவை தண்டால் இயங்குபவை. எஃப்டிஇசட், எஃப்டிஇசட் 2 ஆகிய இரண்டிலும் மோட்டார் இல்லாததால் இவற்றில் ஆட்டோஃபோகஸ் கிடையாது. துளைக் கட்டுப்பாடும் ஒளி அளவீடும் இயங்கும். கையால் ஃபோகஸ் செய்யும்போது தேர்ந்தெடுத்த புள்ளி கூர்மையானதும் அதன் சட்டம் பச்சையாக மாறும்.

பென்டாக்ஸ் கே: 2012இல் வெளிவந்த பென்டாக்ஸ் கே-01 ஒரு விதிவிலக்கு. மிரர்லெஸ் ஆக இருந்தும் கே மவுண்டையும் உடலுக்குள் மோட்டாரையும் கொண்டிருந்ததால் பழைய லென்ஸ்கள் அடாப்டர் இன்றியே ஆட்டோஃபோகஸ் ஆயின.

ஒரு லென்ஸ் எந்த வகை என அறிய அதன் உலோக மவுண்டைத் திருப்பிப் பார்த்தாலே போதும். விளிம்பில் திருப்புளி நுழையும் பள்ளம் இருந்தால் அது தண்டால் இயங்கும் லென்ஸ்.

ஃபோகஸ் அறியும் முறையின் தாக்கம்

பழைய எஸ்எல்ஆர் கேமராக்கள் கட்ட வேறுபாட்டு முறையில் ஃபோகஸை அறிந்தன. இம்முறையில் லென்ஸ் எந்தத் திசையில், எவ்வளவு நகர வேண்டும் என்பது ஒரே அளவீட்டில் தெரிந்துவிடும். தொடக்ககால மிரர்லெஸ் கேமராக்கள் மாறுபாட்டு முறையைப் பயன்படுத்தின. அதில் லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்தி, கூர்மை மிகும் இடத்தைத் தேட வேண்டும். பற்சக்கரங்களில் சிறு தளர்வு உள்ள பழைய லென்ஸ்கள் இவ்வாறு நுணுக்கமாக முன்பின் நகர்வதற்கு உருவாக்கப்பட்டவை அல்ல. அதனால் மெதுவாகவும் தடுமாறியும் இயங்கும். சென்சாரிலேயே கட்ட வேறுபாட்டு உணரிகள் உள்ள கேமராக்கள் வந்த பிறகே பழைய லென்ஸ்களின் ஆட்டோஃபோகஸ் பயனுள்ளதாயிற்று. எனவே பழைய லென்ஸுக்காகக் கேமரா தேர்ந்தெடுப்பவர் இவ்வசதி உள்ள உடலையே தேர்வது நல்லது.

கேமரா உடலில் உள்ள அதிர்வுத் தடுப்பு மற்றொரு நன்மை. ஃபிலிம் காலத்தில் இவ்வசதியே இல்லாத லென்ஸுக்கும் இது கிடைக்கிறது. மின் தொடர்புள்ள அடாப்டர் குவியத் தூரத்தைத் தானே தெரிவிக்கும். இல்லாவிட்டால் பட்டியலில் கையால் பதிய வேண்டும்.

கொடைக்கானல் சூழலில் பயன்பாடு

நிலக்காட்சிகள்: ஏறத்தாழ 2,100 மீட்டர் உயரத்தில் உள்ள கொடைக்கானலில் தூண் பாறை, பசுமைப் பள்ளத்தாக்கு, பூம்பாறையின் படிக்கட்டு வயல்கள், மன்னவனூர் புல்வெளி போன்றவை பெரிதும் படமெடுக்கப்படுகின்றன. இவை அசைவதில்லை. மோட்டார் இயங்காத ஏஎஃப்-டி லென்ஸும் திரையைப் பெரிதாக்கிப் பார்க்கும் வசதியுடன் இங்கு முழுப் பயன் தரும். 2006, 2018 ஆண்டுகளில் பூத்து, 12 ஆண்டுச் சுழற்சியின்படி 2030இல் மீண்டும் எதிர்பார்க்கப்படும் நீலக்குறிஞ்சியின் சரிவுகளுக்கும் இது பொருந்தும்.

மூடுபனி: கட்ட வேறுபாட்டு உணரிக்கு ஒளியும் நிழலும் பிரியும் விளிம்பு தேவை. மூடுபனி அதை அழித்துவிடுகிறது. அப்போது தண்டால் இயங்கும் லென்ஸ் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஓசையுடன் ஓடித் திரும்பும். அருகில் உள்ள பைன் மரத்தின் தண்டு போன்ற கருத்த விளிம்பில் புள்ளியை வைப்பது, அல்லது கையால் ஃபோகஸ் செய்வது இதற்குத் தீர்வு. வெண்பனியின் முன் நிற்கும் கிளைகளின் ஓரத்தில் பழைய லென்ஸ்கள் ஊதா நிறக் கீற்றைக் காட்டக்கூடும். துளையை இரண்டு படி சுருக்கினால் அது பெருமளவு குறையும்.

சோலைக்காடு: வட்டக்கானல் போன்ற இடங்களின் சோலைகளில் நண்பகலிலும் ஒளி குறைவு. இங்குள்ள புதர்களில் வாழும் பழனிச் சிரிப்பான், இம்மலையில் பறவைகளைச் சேகரித்த அமெரிக்க மறைப்பணியாளர் சாமுவேல் ஃபேர்பேங்கின் பெயரைத் தன் அறிவியல் பெயரில் கொண்ட பறவை. ஓயாமல் இடம் மாறும் இத்தகைய பறவைகளுக்கு ஆட்டோஃபோகஸ் உண்மையில் தேவைப்படுகிறது. பழைய லென்ஸின் வேகக் குறைவும் பற்சக்கர ஓசையும் இங்குதான் வெளிப்படும். மினோல்டாவின் 500 மி.மீ. எஃப்/8 ரிஃப்ளெக்ஸ் லென்ஸ் ஆட்டோஃபோகஸ் கொண்ட கண்ணாடி வகை லென்ஸாகப் புகழ்பெற்றது. எடை குறைந்ததாயினும் எஃப்/8 என்ற மாறாத் துளை சோலையின் இருளுக்குப் பொருந்தாது. திறந்த வெளிக்கே ஏற்றது.

காட்டெருது: உள்ளூரில் காட்டுமாடு எனப்படும் காட்டெருதுகள் கொடைக்கானல் நகரத் தெருக்களிலும் உலவுகின்றன. 50 மி.மீ. லென்ஸுடன் நெருங்கிச் செல்வது ஆபத்தானது. 1985இல் வந்த மினோல்டா 70-210 மி.மீ. எஃப்/4 லென்ஸ், ஏபிஎஸ்-சி சென்சாரில் 105-315 மி.மீ. அளவுக்கு இணையான காட்சிக் கோணம் தரும். விலகி நின்றே படம் எடுக்க இது உதவும்.

ஈரப்பதமும் பூஞ்சையும்

மலைப்பகுதியில் பழைய லென்ஸின் முதல் எதிரி பூஞ்சை. ஈரக் காற்றும் இருளும் உள்ள அலமாரியில் நெடுநாள் கிடந்த லென்ஸின் உட்கண்ணாடியில் சிலந்தி வலை போன்ற இழைகள் படர்கின்றன. பூஞ்சை சுரக்கும் அமிலம் கண்ணாடியின் மேற்பூச்சை அரித்துவிட்டால், சுத்தம் செய்த பிறகும் தழும்பு நிற்கும். லென்ஸ்களை 40 முதல் 50 விழுக்காடு ஈரப்பதத்தில், காற்றுப் புகாத பெட்டியில் சிலிக்கா ஜெல்லுடன் வைப்பதும் அடிக்கடி எடுத்துப் பயன்படுத்துவதும் பாதுகாப்பான வழிகள். துணியில் சுற்றித் தோல் உறைக்குள் வைப்பது ஈரத்தைச் சேர்த்து வைப்பதாகவே முடியும்.

குளிர்ந்த லென்ஸ் வெப்பமான ஈரக் காற்றைச் சந்திக்கும்போது அதன் மேல் நீர்த்துளி படிகிறது. கொடைக்கானலில் விடியற்காலையில் படமெடுத்துவிட்டு அன்றே வத்தலக்குண்டுக்கு இறங்குபவர்கள், பையைத் திறக்காமல் லென்ஸ் வெளிவெப்பத்தை அடையும் வரை காத்திருக்க வேண்டும். பழைய லென்ஸ்கள் பெரும்பாலும் நீர் புகாத் தடுப்பு இல்லாதவை. அடாப்டரைச் சேர்ப்பதால் ஈரம் புகும் இணைப்புகள் ஒன்றுக்கு இரண்டாகின்றன.

வாங்கும் முன் சோதிக்க வேண்டியவை

லென்ஸின் துளையை முழுதும் திறந்து, ஒரு முனையிலிருந்து கைவிளக்கைப் பாய்ச்சி மறுமுனை வழியே பார்த்தால் பூஞ்சையும் உட்படலமும் தெரியும். துளை இதழ்களில் எண்ணெய்க் கசிவு இருந்தால் அவை மெதுவாக மூடி, படங்கள் மிகை ஒளியுடன் வரும். ஃபோகஸ் வளையம் எங்கும் சிக்காமல் திரும்ப வேண்டும். முடிந்தால் தன் கேமராவிலும் அடாப்டரிலும் மாட்டிப் பார்த்தே வாங்க வேண்டும். இச்சோதனையைத் தெளிந்த வானத்தின்கீழ்ச் செய்வது நல்லது. மூடுபனி நாளில் எடுத்த படம் வெளிறியிருந்தால், அது மலையின் பனியா, லென்ஸுக்குள் படிந்த படலமா என்று பிரித்தறிய முடியாது.

பழைய லென்ஸ், புதிய பதிவு: கொடைக்கானலின் முன்மாதிரி

லென்ஸைத் தக்க வைத்துக்கொண்டு படம் பதியும் ஊடகத்தை மட்டும் மாற்றுவது கொடைக்கானலுக்குப் புதிதன்று. அங்குள்ள சூரிய ஆய்வகம் 1904 முதல் சூரியனை வெள்ளொளியில் படமெடுத்து வருகிறது. 1918 முதல் பயன்பட்ட 15 செ.மீ. விட்டமுள்ள லென்ஸ் முதலில் கண்ணாடித் தட்டுகளிலும் பின்னர் ஃபிலிமிலும் சூரியப் புள்ளிகளைப் பதிந்தது. லென்ஸ் மாறாமல் இருந்ததால் பல பதின்ஆண்டுப் படங்களை ஒன்றோடொன்று ஒப்பிட முடிகிறது. அப்படங்கள் இப்போது டிஜிட்டல் வடிவுக்கு மாற்றப்பட்டு ஆய்வுக்குப் பயன்படுகின்றன. நன்கு பேணப்பட்ட லென்ஸ், அது உருவான காலத்தின் ஊடகத்தைவிட நெடுங்காலம் உழைக்கும் என்பதற்கு இது சான்று. வீட்டு அலமாரியில் கிடக்கும் ஃபிலிம் கால லென்ஸுக்கும் இது பொருந்தும்.